ஆற்றோரம் வந்த தொப்பி

இன்று ஞாயிறு, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லை. பூண்டுலோயாவுக்குக் கீழே, ஓடை ஆற்றில் கலக்கும் இடம்வரை நானும் என் மனைவி செல்லம்மாவும் காலாற நடந்து போனோம். ஏற்றமே இல்லாத பாதை. தீபாவளிக்கு வாங்கிய சப்பாத்தைக் காலில் போட்டிருந்தேன்.

தூறல் விழுந்தது. குடையை விரித்தேன்.

எதிரே பனிமூட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி அசைந்து வந்தது.

"தொரைங்க," என்றாள் செல்லம்மா. "மொதல்ல கொடைய மடக்குங்க."

தோட்டத் துரைக்கு முன்னால் குடை பிடித்ததற்காகப் போன மாதம்தான் ஒரு குடும்பத்தை லயத்து வீட்டைவிட்டு இறக்கினார்கள். அவசரத்தில் குடை மடங்கவே இல்லை. ஒருவழியாக மடக்கி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதையை விட்டிறங்கி ஆற்றுச் சேற்றில் தலைகுனிந்து நின்றோம். தண்ணீர் கணுக்காலில் மோதியது.

காலடிச் சத்தம் எங்கள் முன்னால் வந்து நின்றது.

"மன்னிச்சிருங்க கண்டாக்கையா. தொர கழிச்சுப் போட்ட தொப்பிதாங்க," என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். பங்களாவில் சமைக்கும் மாரிமுத்து அண்ணன். தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி அவரும் தலைகுனிந்து நின்றார். தூரத்திலிருந்து என் குடையையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா என்று நினைத்துப் பயந்திருக்கிறார்.

யாரும் சிரிக்கவில்லை. துரை நேற்றே கொழும்புக்குப் போய்விட்டதாக அவர்தான் சொன்னார்.

மழை வலுத்தது. அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தே லயத்துக்கு வந்தேன்.

நீங்களாக இருந்தால் குடையை விரித்திருப்பீர்களா?