எந்த ஊர் மைக்கில் பிடித்தது

மைக் வாங்கப் போகிறவர்கள் இப்போதும் என் கடைக்கு வந்து கேட்கிறார்கள். வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்யவோ, சவுதிக்குப் போன மகனுக்கு நாலு வார்த்தை பேசி கேசட்டில் அனுப்பவோ அவர்களுக்கு ஒரு மைக் வேண்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது. "ஜப்பான் வாங்கலாமாண்ணா, நம்ம நாட்டு சாமானே போதுமா?" என்பார்கள். நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. அதனால் என்னிடம் இருக்கும் இரண்டு மைக்குகளையும் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, பிரித்துப் போட்ட ரேடியோவில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். பளபளப்பாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர்களே ஒரு முடிவு செய்துகொண்டு போய்விடுவார்கள்.

இதே கேள்விக்கு ஒரு தடவை ஊர் முன்னால் பதில் சொல்ல வேண்டி வந்தது. அதற்கப்புறம் எங்கள் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் ஊர்களில் பாதி என்னைக் கூப்பிடுவதில்லை. ஐந்தாறு வருஷம் ஆகிறது. அதை எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆலங்காயத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு மைக் செட் கடை. மலையில் திருவிழா என்றால் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபையரும் பேட்டரியுமாகப் போய்விட்டு, மூன்று நாள் தூக்கம் கெட்டுத் திரும்பி வருவேன். பேசினால் பிடித்துக்கொள்ளும் டேப் ரெக்கார்டர் ஒன்று பிற்பாடு வாங்கினேன். அதிலேயே சின்ன மைக் உண்டு. ஆனால் அதில் பிடித்தால் உள்ளே சுற்றும் மோட்டார் சத்தமும் சேர்ந்து விழும். தனி மைக் வாங்கலாம் என்று மெட்ராசில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளி நிறத்தில் ஒல்லியாக ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். கழுத்தில் ஒரு சுவிட்சு. அடிப்பக்கம் ஜப்பான் என்று இங்கிலீஷில் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துக்கொண்டேன். போட்டுக் காட்டுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வாணியம்பாடியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அடிமூடியைத் திருகினார். உள்ளே ஒரு பேனா செல் இருந்தது. தலையைக் கழற்றிக் கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாபா இது, மேல ஜப்பான், உள்ள சத்தத்த புடிக்கற பொட்டு தைவானு, ஒயரு நம்ம டெல்லி. மூணு தேசத்த சுருட்டிக் குட்த்துட்டான் உன் கையில."

"அப்ப டூப்ளிகேட்டா பாய்?"

"டூப்ளிகேட்டுன்னு யாரு சொன்னா? புது செல்லு போட்டு, சத்தமில்லாத ரூமுல வெச்சா கண்ணாடி மாதிரி புடிக்கும். ஆனா இதுக்குக் காது பெருசு. பக்கத்து வூட்டு சண்டயும் சேர்ந்து வுழும்."

அன்றைக்கே அவரிடம் கிடந்த ஒரு பழைய மைக்கைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். டெல்லியில் செய்தது. கறுப்பு நிறம், கனம், தலையில் முட்டை மாதிரி கம்பி வலை. செல் வேண்டாம். என் டேப்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒயர் முனையில் ஒரு பின்னையும் பற்றவைத்துக் கொடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் பிடித்தால் அந்த வாயை மட்டும் கேட்கும். மற்றதை விட்டுவிடும். ஆனால் ரொம்பப் பக்கத்தில் பிடித்தால் குரல் கொஞ்சம் தடித்துவிடும். அது அதன் குணம்.

எனக்குக் கறுப்பில்தான் வேலை நடந்தது. கூப்பிட்டவர்களுக்கோ வெள்ளிதான் வேண்டும். அதன் அடியில் வெட்டியிருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பேச உட்கார்வார்கள்.

ஒரு ஐப்பசியில், விடாத மழையில், மலையிலிருந்து ஒரு பெண் பஸ்ஸில் வந்து கடைக்கு முன்னால் நின்றாள். புருஷன் விட்டுவிட்டதால் பெண் குழந்தையோடு அப்பன் வீட்டுக்கு வந்துவிட்டவள். அப்பனுக்கு உடம்புக்கு முடியவில்லை. அவருடைய புளியமரங்களில் இரண்டை இவளுக்கு என்று சொல்ல வேண்டும் என்று துடிக்கிறார். அந்தப் பக்கத்து ஊர்களில் இதற்குப் பத்திரம் எழுதுவதில்லை. கொடுப்பவர் மரத்தடியில் நின்று, அதன் கிளையைப் பிடித்துக்கொண்டு, ஊர்க் கவுண்டர் காதில் விழும்படி வாயால் சொல்ல வேண்டும். காகிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒருவர் வாயை வைத்து வேறு ஒருவன் பேச முடியாது என்பது அவர்கள் கணக்கு. கவுண்டரோ ஒரு கல்யாணத்துக்காக மலைக்குக் கீழே போயிருந்தார். வர நாலு நாள் ஆகும். இவளுடைய அண்ணன் குடகில் காப்பித் தோட்டத்து வேலையில் இருந்தான். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் பெண்கள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் சாட்சி செல்லாது.

"நாலு நாளு தாங்க மாட்டாருண்ணா. நீங்க ஜப்பான் மைக்கு எடுத்துகினு வாங்க. ஜப்பான்ல புடிச்சாத்தான் ஊருல ஒத்துக்குவாங்க" என்றாள்.

அவளுக்குச் சொந்தம் என்று வேறு நிலம் கிடையாது. அந்த இரண்டு மரம் கிடைத்தால் வருஷா வருஷம் புளி உலுக்கி, குழந்தைக்கும் தனக்கும் சாமை வாங்கிக்கொள்வாள். இல்லாவிட்டால் அண்ணன் வந்ததும் அவன் போடுவதைத் தின்ன வேண்டும். இதை அவள் அழாமல், பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

போனேன். வீட்டுக்குள் நாலைந்து பெண்கள், மூலையில் ஒரு ஆடு, கூடைக்குள் குஞ்சுகளோடு ஒரு கோழி. வெளியே மழை. வெள்ளி மைக்கை ஸ்டாண்டில் வைத்து, காதில் இயர்போன் மாட்டிப் பார்த்தேன். கோழி கேட்டது. கூரையில் விழும் மழை கேட்டது. வாசலில் யாரோ சளி சிந்துவது கேட்டது. கட்டிலில் கிடந்த மனிதர் எங்கோ பக்கத்து ஊரில் பேசுவது மாதிரி இருந்தது. ஈரத்தில் அந்த மைக் உஸ்ஸென்று இரையவும் ஆரம்பித்துவிட்டது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இது இங்கே சரிப்படாது, கறுப்பில் பிடிக்கிறேன் என்று ஒரு வார்த்தை. அத்தனை பெண்களும் அந்த வெள்ளி மைக்கையே சாமி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. அதை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு அதன் பின்னை மட்டும் பிடுங்கினேன். கறுப்பைச் செருகி மகளிடம் கொடுத்து, அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். கம்பளிக்குள் பாதி மறைந்திருந்ததால் மற்றவர்கள் கவனிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

மரத்தடிக்கு அவரால் போக முடியாததால், இரண்டு மரத்திலிருந்தும் ஒவ்வொரு கிளை ஒடித்து வந்து கையில் கொடுத்தார்கள். வெகுநேரம் இருமினார். பிறகு சொன்னார்:

"இந்தக் கெள கெணத்தோரத்து மரத்துது. இது பாறையாண்ட நிக்கற மரத்துது. ரெண்டும் எம் பொண்ணுக்கு. அவ இருக்கற மட்டும் அவ உலுக்கிக்கட்டும். அண்ணங்காரன் கேக்கக் கூடாது."

மூன்றாம் நாள் இறந்துபோனார்.

தை மாசம் பஸ் கண்டக்டர் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் வந்துவிட்டான், மரத்தைக் கேட்கிறான், கூட்டம் போட்டிருக்கிறது, டேப்பை எடுத்துக்கொண்டு வர வேண்டும். போனேன். கோயிலுக்கு முன்னால் புங்க மரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டும்போது அவள் பக்கத்தில் வந்தாள்.

"கேட்டா ஜப்பானுன்னே சொல்லிடுண்ணா" என்றாள் மெல்ல.

கேசட்டைப் போட்டேன். இருமல் வந்தது, பேச்சு வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. சிலர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் தலையை ஆட்டினான். கெட்டவன் இல்லை அவன். சாவுக்கு வந்து சேர முடியாமல் போனவன்.

"இது எங்கப்பன் கொரலு இல்ல கவுண்டரே. அவரு கொரலு கீச்சுன்னு இருக்கும். இது எவனோ தடியன் பேசறாப்பல கீது" என்றான். என் பக்கம் திரும்பினான். "ஏண்ணா, எந்த ஊரு மைக்குல புடிச்சது?"

கவுண்டரும் கேட்டார். "சொல்லுப்பா. ஜப்பான் தான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை போதும். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அதன் பின்னாலேயே நின்று காவல் காக்க வேண்டும். அடுத்த கேள்வி வரும், அதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கான தெம்பு என்னிடம் இல்லை. நல்லவன் என்பதால் உண்மை சொன்னதாக நினைக்க வேண்டாம்.

"இல்லீங்க. டெல்லி மைக்கு" என்றேன்.

கசகசவென்று பேச்சு கிளம்பியது. "ஜப்பான்னு சொல்லிகினு வந்து டெல்லியில புடிச்சானா?" என்று ஒருவர் கேட்டார். "இதுக்குத்தான் வாயே தொறக்கறதில்ல போல" என்றார் இன்னொருவர். சிரித்தார்கள். பெண்கள் பக்கம் நான் பார்க்கவில்லை.

விளக்கிச் சொல்ல எனக்கு வராது. அதே கறுப்பு மைக்கைச் செருகி, வேறு ஒரு கேசட்டைப் போட்டு, எழுந்துபோய் கவுண்டரின் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினேன்.

"இன்னாத்துக்கு?" என்றார்.

"எதனா பேசுங்க."

"இன்னா பேசறது? இந்த வருசம் சாமை சுமாரு. பன்னி பூந்து பாதிய அழிச்சிட்ச்சி. போதுமா?"

பின்னால் சுற்றிப் போட்டேன். சாமையும் பன்றியும் வந்தன. கவுண்டர் முகம் சுருங்கிப்போனது.

"இது யாரு? இது என் கொரலே இல்ல. நான் இப்பிடியா பேசறேன்?"

கூட்டம் சிரித்தது. "உங்க கொரலேதான் மாமா." "அச்சு அசலு நீங்கதான்." அண்ணனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "கண்ண மூடிகினு கேட்டாக்கூட நீங்கதான் கவுண்டரே" என்றான். சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். சிரிப்பு அவன் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

கவுண்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவன் அப்பன் பேசிய கேசட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். முடிந்ததும் சுற்றி இருந்த ஒவ்வொருவரையும் கேட்டார். அவர்தான், அவர்தான் என்றே வந்தது. கடைசியில் அவனைக் கேட்டார்.

"இர்மறது அப்பன்தான்" என்றான். பிறகு, "பேசறதும்தான்" என்றான்.

மரம் இரண்டும் அவளுக்கு என்று ஆகிவிட்டது. என் விஷயத்துக்கும் கவுண்டர் ஒரு வார்த்தை சொன்னார். "ஒண்ணக் காட்டி இன்னொண்ணுல புடிச்சது தப்பு. மைக்கு மேல தப்பு இல்ல, உம் மேலதான்." அது சரிதான். ஆனால் மலையில் பரவிய பேச்சு அதுவல்ல. ஆலங்காயத்து மைக் செட்காரன் டெல்லி மைக்கை வைத்து ஜப்பான் என்று ஏமாற்றுகிறவன் என்றுதான் பரவியது. அந்த வருஷத் திருவிழாவுக்கு ஆரணிப் பக்கத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஸ்டாண்டில் வெள்ளி மைக் இருந்ததாம்.

கூட்டம் நடந்த அன்றைக்குப் பஸ் நிற்கும் இடம்வரை அண்ணன்தான் என் பெட்டியைத் தூக்கி வந்தான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பஸ் வரவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று, கேசட்டைக் கீழே என் கடையிலேயே வைத்துக் காக்கும்படி கவுண்டர் சொல்லியிருந்தார். அது டேப் ரெக்கார்டருக்குள்ளேயே இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தபா போடுண்ணா. மரம் வரைக்கும் வாணாம். முன்னால இர்முவாரு இல்ல, அத்தோட நிறுத்திடு."

ரோட்டோரக் கல்லின்மேல் டேப்பை வைத்துப் போட்டேன். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதைப் பக்கத்தில் கொண்டுபோனான். இருமல் முடிந்ததும் நிறுத்தினேன். கையைக் காட்டினான். திரும்பவும் போட்டேன். மூன்று தடவை ஆயிற்று. தூரத்தில் பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டபோது எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டான்.

"ஜப்பான்ல புடிச்சிருந்தா இன்னும் நல்லா கேட்டிருக்கும் இல்லண்ணா?"

எனக்கு முதுகு வலித்தது. காலையில் குடித்த டீதான் வயிற்றில்.

"கேட்டிருக்கும்பா" என்றேன்.