சங்கரலிங்கத்தின் ஓரக்குறிப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். பாளையங்கோட்டையில் ஆயுசு முழுக்க இயற்பியல் நடத்தியவன். இதைப் படித்துவிட்டுக் கிழவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நீங்கள் சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை.

என் நண்பர் சங்கரலிங்கம் பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தாமிரபரணிக் கால்வாய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். யாரும் திருடிவிடக் கூடாதென்று, ஒரு நிறுவனத்தின் பழைய ரீடர் மென்பொருளில் மட்டும் திறக்கும்படி பூட்டியிருந்தார். என் கணினியில் ஓடுவதோ விண்டோஸ் இல்லை, யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கக்கூடிய லினக்ஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத மென்பொருளை அதில் ஏற்றுவதில்லை என்பது என் கொள்கை.

"வேற மாதிரி அனுப்பும் வே, அந்தக் குப்பைய நான் ஏத்த மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

"சரி, உம்ம கொள்கைக்கு மாலை போட்டு மாட்டி வையும்" என்று சிரித்தார். பிறகு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கணினியின் சுத்தத்துக்காக நண்பரின் புத்தகத்தைப் படிக்காமல் விட்டவன் நான்.

அவருடைய மடிக்கணினியும் பழுதாகிவிட, மிஞ்சியது எனக்கு வந்த அந்த ஒரு பிரதிதான். அவர் மகள் கோமதி வந்தாள். "வருஷ திதிக்கு முன்னால புத்தகம் வந்துரணும் மாமா. அம்மை அதையே சொல்லிட்டுக் கிடக்கா."

அந்த நிறுவனம் லினக்ஸுக்கு ரீடர் தருவதை நிறுத்திப் பல வருஷமாகிறது. இணையத்தில் எங்கோ கிடந்த பழைய பிரதியை இறக்கினேன், அது முப்பத்திரண்டு பிட் காலத்துச் சரக்கு, என் கணினி அறுபத்து நான்கு, அது ஓடக் கேட்கும் லைப்ரரிக் கோப்புகளில் ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை என்று நிற்கும், அதைக் கொடுத்தால் அடுத்தது. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, கடைசியில் ஒரு முற்பகலில் திறக்க வைத்தேன். எழுபது தாண்டியவன் தன் கையால் செய்தது. இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன்.

பழைய மென்பொருளில் வெளியாள் நுழைய ஓட்டைகள் இருக்கும் என்பதால் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தேன், அதை நினைவில் வையுங்கள். புத்தகம் பிரமாதம். எவ்வளவு பெரிய உழைப்பு! ஒரே ஒரு இடத்தில்தான் சந்தேகம். சேரன்மகாதேவிப் பக்கம், கால்வாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் பழைய கல்மடை ஒன்றைப் பற்றி எழுதியவர், அது எந்தக் கரை என்று சொல்லவில்லை. ஓரத்தில் குறிப்புப் பெட்டியைத் திறந்து, அவர் எதிரே இருப்பதுபோல் "எந்தக் கரை வே?" என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால், நம்பினால் நம்புங்கள், கேள்விக்குக் கீழே அவர் பெயரில் ஒரு பதில்.

"வடகரை. வெள்ளத்துல கரை சரிஞ்சு கல்லு வெளிய தெரியுது, போய்ப் பாரும்."

வீட்டில் நானும் மனைவியும் மட்டும்தான். அவளுக்குக் கணினியைத் தொடும் வழக்கமே இல்லை. கூப்பிட்டுக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "அண்ணாச்சி சொல்லுதாகல்லா, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். வடகரை சரிந்து, ஈரமண்ணுக்கு நடுவே கல்மடை தெரிந்தது. பக்கத்து வயலில் நின்றவரிடம் விசாரித்தேன். போன மழை வெள்ளத்தில்தான் சரிந்தது என்றார். சங்கரலிங்கம் இறந்தது அந்த மழைக்கு முந்தைய கோடையில்.

அதைப் படம் எடுத்துச் சேர்த்தேன். திதிக்கு முன்பே புத்தகம் வந்தது, அழகாக வந்தது. கோமதி முதல் பிரதியை என் கையில் கொடுத்தபோது, அந்த ரீடரோடு மல்லுக்கட்டிய நாட்களெல்லாம் மறந்துபோயின.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ஓரக்குறிப்புகளுக்குத் தேதி உண்டு. என் கேள்விக்கு, நான் தட்டிய அன்றைய தேதி. அவர் பதிலுக்கு, நான் குப்பை என்று சொன்ன அந்த நாளின் தேதி.

அன்றைக்கு மனம் புண்பட்டதா என்று அவரைக் கேட்க வேண்டும். பல தடவை பெட்டியைத் திறந்து, ஒரு எழுத்தும் தட்டாமல் மூடியிருக்கிறேன். அதற்கும் அவர் அன்றைக்கே பதில் எழுதிவிட்டிருப்பார்.