என்மேல் கவிழ்ந்த படங்கு

மூன்று வருடங்களுக்கு முன், இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அப்போதுதான் குவைத்தில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து, மறுபடி கொழுந்து பறிக்கப் போயிருந்தேன்.

குவைத்தில் எனக்குக் கஷ்டங்கள் இல்லாமலில்லை. ஆனால் ஒருமுறை சமையலறையில் தீப்பிடித்தபோது, பிள்ளைகளை நான் வெளியே கொண்டுவருவதற்குள் தீயணைப்பு வண்டி வாசலில் நின்றது. ஆபத்து என்றால் யாராவது வருவார்கள் என்று அங்கே பழகிவிட்டேன்.

அன்று காலை, மலையில் நிழல் மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது. மற்றப் பெண்கள் எல்லாரும் சட்டென்று குப்புற விழுந்து தலையை மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் அலறிக்கொண்டு ஓடினேன். ஓடினால் குளவி விடாது என்பது மறந்தே போயிற்று.

"ஓடாதடி! படு, படு!"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவின் குரல். மறைவாகப் படுத்திருந்தவர் எழுந்து வந்து என்னைக் கீழே தள்ளினார். இடுப்பில் கட்டியிருந்த படங்கு சாக்கை அவிழ்த்து என்மேல் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெளியே அவர் முனகுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

குளவிகள் போனபின் பார்த்தால், அக்காவின் முகமே அடையாளம் தெரியவில்லை. அம்புலன்ஸுக்கு அழைத்தேன். மழையில் பாதை உடைந்திருந்ததால் ஃபேக்டரி வரைதான் வர முடியும் என்றார்கள். கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வழுக்கி வழுக்கி இறங்கினோம்.

"மூச்சு முட்டுதுடி" என்றார் அக்கா. கொஞ்ச தூரம் போனதும், "மக ஸ்கூல் விட்டு வந்தா, சோறு அடுப்பு மேல இருக்குன்னு சொல்லு" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. அம்புலன்ஸில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

சாயங்காலம் அந்தப் பிள்ளைக்கு நான்தான் சோறு போட்டுக் கொடுத்தேன். என்ன நடந்தது என்று அதற்கு யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் அதே மலைக்குத்தான் எங்களை அனுப்பினார்கள். போனோம். "அவ விதி அவ்வளவுதான்" என்று லயத்தில் எல்லாரும் சொல்லி ஆறிக்கொள்கிறார்கள். கூப்பிட்டவுடன் உதவி வந்து சேரும் பாதையை ஒருமுறை பார்த்துவிட்ட எனக்கு, அக்காவின் சாவை விதி என்று சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை.