எண்பதில் அதிர்ந்த பூவண்டி

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதற்கெல்லாம் மதிப்பு கூடும். கழுகுமலை ரோட்டில், கடப்பாரை வளைகிற பாறை நிலத்தில் ஒர்க்‌ஷாப் போட்டேன். தூண் முதல் கூரை வரைக்கும் வெல்டிங் என் கைவேலை. கழித்துப் போட்ட லாரிச் சட்டத்தை அறுத்து, பிக்கப் வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்குகிற மேடை செய்தேன். விசைத்தறிக்காரர் மூன்று பேருக்கு நூல் சுற்றுகிற மிஷின் செய்து கொடுத்தேன், மூன்றும் இன்னும் ஓடுகிறது. மாடி வீடு கட்டினேன். படிக்கட்டுக்கு இடம் விட மறந்துபோனது வாஸ்தவம். வெளியே இரும்பில் சுருள்படி செய்து நிறுத்தினேன். இப்போது தெருவில் போகிறவன் வீட்டைப் பார்க்கிறதில்லை, படியைத்தான் நின்று பார்க்கிறான்.

இதில் ஒவ்வொன்றையும் “உனக்கு எதுக்கு இந்த வேலை” என்று தடுத்த ஆட்கள் உண்டு. பங்காளி தடுத்தான், பாங்க் மேனேஜர் தடுத்தார். என் வீட்டுக்காரி இன்றைக்கும் தடுக்கிறாள். நான் கேட்டதில்லை.

கடைசியாகக் கட்டியது என் மகளுடைய பிக்கப் வண்டிக்குப் பூக்கூண்டு. ஈரச்சாக்கு தொங்கவிட கம்பி, கூடை சாயாமல் இருக்க தட்டு, காற்றுக்கு ஜன்னல், எல்லாம் உண்டு. வண்டியை அவளே ஓட்டுகிறாள். முதலில் ராஜபாளையம், தென்காசி என்று பக்கத்து நடைதான். சித்திரை கழிந்ததும் பூச்சந்தையில் ஒரு மொத்த வியாபாரி அவளை நம்பி திருவனந்தபுரம் நடையைக் கொடுத்தார். மதியத்துக்கு முன்னால் பிச்சியும் மல்லியும் ஏற்றி, கோவில்பட்டி போய் நான்குவழிச் சாலையைப் பிடித்து, மொட்டு விரிவதற்குள் போய்ச் சேர வேண்டும். விரிந்த பூவை அங்கே யாரும் தொடமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அந்த வியாபாரியை டீக்கடையில் பார்த்தேன்.

“அண்ணாச்சி, ஒங்க மக வண்டி எண்பதுல போனா உதறுதாம்லா? பயந்து அறுபத்தஞ்சுலயே உருட்டிக்கிட்டுப் போகுது. மூணு லோடு விரிஞ்சு போச்சு. தபசுக்குள்ள சரியாக்கலைன்னா நான் வேற வண்டி பாக்கணும். அடுத்து ஓணம் வருதுல்லா, நான் என்ன செய்ய?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் வண்டி உதறுவது ஊருக்குத் தெரிகிறது, நாப்பது வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிற அப்பனுக்குத் தெரியவில்லை. நேரே போய்க் கேட்டேன்.

“ஏட்டி, என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா கூண்டு கட்டுன கதைய ஒரு மணி நேரம் சொல்லுவீங்கப்பா. திருநெல்வேலி சர்வீஸுக்கு ரெண்டு தடவ போய்ட்டு வந்துட்டேன்.”

“என்ன செஞ்சாங்க?”

“வீல் பேலன்ஸ் பண்ணாங்க, அலைன்மெண்ட் பாத்தாங்க. டயரை முன்ன பின்ன மாத்திப் போட்டாங்க. லேப்டாப்பச் சொருகி, ஒரு குறையும் காட்டலங்காங்க.”

“நீ அங்க என்னன்னு சொன்ன?”

“வண்டி உதறுதுன்னு சொன்னேன்.”

“ஸ்டியரிங் உதறுதா?”

கொஞ்சம் யோசித்தாள். “இல்ல. கையில ஒண்ணும் தெரியல. இடுப்புலதான் தெரியுது. சீட்டு அதிருது.”

பாருங்கள், இதுதான் விஷயம். உதறல் வேறு, அதிர்வு வேறு. கையில் உதறினால் முன் சக்கரம். இடுப்பில் அதிர்ந்தால் நோய் பின்னால் இருக்கிறது. இவள் உதறுது என்று சொல்ல, அவர்கள் சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொன்ன வார்த்தைக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் காலி வண்டியில் இரண்டு பேரும் நான்குவழிச் சாலைக்குப் போனோம். எழுபதில் ஒன்றும் இல்லை. எழுபத்தைந்தில் காலடியில் வண்டு கூட்டம் போல ஒரு ரீங்காரம். எண்பதில் என் மூக்குப்பொடி டப்பா டேஷ்போர்டிலிருந்து தானாக நடந்து வந்து மடியில் விழுந்தது. அஞ்சாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றி அதே எண்பதில் போகச் சொன்னேன். இஞ்சின் சத்தம் கூடியது, அதிர்வு மாறவில்லை. பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து நியூட்ரலில் விடச் சொன்னேன். வேகம் எழுபதுக்கு இறங்கும் வரைக்கும் அதிர்ந்தது.

“இஞ்சின் இல்ல. சக்கரத்த அவங்க பாத்தாச்சு. மிச்சம் நடுவுல ஓடுத புரொப்பல்லர் ஷாஃப்ட்தான்” என்றேன். கியர்பாக்ஸின் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய் அது.

“லேப்டாப் இல்லாமயா?”

“இடுப்பு இருக்குல்லா!”

ஒர்க்‌ஷாப்புக்கு வந்து வண்டியை என் மேடையில் தூக்கினேன். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸ் மூட்டைப் பிடித்து ஆட்டினேன், இம்மி ஆட்டம் இல்லை. நடு பேரிங் கல் போல இருந்தது. குழாய் வளைந்திருக்குமோ என்று பக்கத்தில் சாக்பீஸை நிறுத்திக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வட்டம் முழுக்க ஒரே கோடு விழுந்தது. நேரான குழாய், இறுக்கமான மூட்டு, பிறகு எதற்கு அதிர்கிறது? டீசல் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். குழாய்க்கு அழகான சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. பின்பக்க முனையில் ஓர் இடத்தில் பெயிண்ட் உரிந்து, உள்ளே நகத்தளவு பளபளப்பு தெரிந்தது. நடுவில் இரண்டு வெல்டிங் புள்ளி.

துணியைக் கீழே போட்டேன்.

அந்தச் சிவப்பு என் பெயிண்ட். போன ஆயுத பூசைக்கு, என் பிள்ளை வண்டி அடிப்பக்கமும் ஜொலிக்கணும் என்று நானே தண்ணீர் அடித்து, துரு சுரண்டி, பெயிண்ட் அடித்தேன். அப்போது ஷாஃப்டில் சின்னதாய் ஒரு சதுரத் தகடு ஒட்டியிருந்தது. கம்பெனிக்காரன் பிசிறை விட்டுவிட்டான், இப்படியா வேலை செய்வது என்று திட்டி, கிரைண்டிங் மிஷினை வைத்து வழுவழு என்று எடுத்தேன். அது பிசிறு இல்லை. ஷாஃப்ட் எடை ஒரு பக்கம் சாயாமல் சுற்றுவதற்காகக் கம்பெனியில் ஒட்டி அனுப்புகிற பேலன்ஸ் தகடு. அதுக்குப் பிறகு ஆறேழு மாதம் அவள் அறுபதைத் தாண்டாத ரோட்டில்தான் ஓடினாள். அதனால் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்குவழிச் சாலை காட்டிக்கொடுத்துவிட்டது.

மகள் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். “என்னப்பா, கண்டுபிடிச்சிட்டீங்களா?”

மூடி மறைக்க வழி இருந்தது. கிராஸ் தேய்ந்துபோச்சு என்றால் நம்பியிருப்பாள். ஆனால் காரணத்தை மறைத்தால் அடுத்த ஆயுத பூசைக்கும் எவனாவது இதையே செய்வான். அது நானாகவும் இருக்கலாம்.

“கண்டுபிடிச்சிட்டேன். ஆளையும் கண்டுபிடிச்சிட்டேன். நாந்தான்” என்றேன்.

தகடு கதையைக் கேட்டு முடித்ததும் அவள் டயர் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு தடவ திருநெல்வேலிக்கு அலைஞ்சேனே! ஆயுத பூசைக்குப் பொரி மட்டும் போட்டுருக்கக் கூடாதாப்பா?”

“சிரிப்ப நிறுத்திட்டு அந்த ஹோஸ் கிளிப்ப எடு மக்கா.”

மோட்டார் பம்பு ரப்பர் குழாயை இறுக்குகிற தகட்டு வளையம்தான் அது. அதன் திருகுத் தலைக்கு நல்ல கனம். தகடு இருந்த இடத்தில் தலை வருகிற மாதிரி ஒன்றை ஷாஃப்டில் மாட்டி இறுக்கி, மறுபடி சாலைக்குப் போனோம். பாதி குறைந்தது. பக்கத்தில் இன்னொன்று மாட்டினேன். எண்பது, எண்பத்தைந்து, தொண்ணூறு. பொடி டப்பா வைத்த இடத்தில் தூங்கியது. மகள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

கிளிப்போடு நாள்பட ஓட்டக்கூடாது. மறுநாளே ஷாஃப்டைக் கழற்றித் திருநெல்வேலியில் பேலன்ஸ் பார்க்கிற மிஷின் வைத்திருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோனோம். எடை குறைகிற இடம் என்று மிஷின் எதைக் காட்டியது தெரியுமா? நான் கிளிப் மாட்டிய அதே இடம். அங்கே புதுத் தகடு ஒட்டிக் கொடுத்தார்கள். தபசுக்கு முந்தின நாள் பூவண்டி எண்பதில் போனது. பூ மொட்டாகவே இறங்கியது என்று மகள் போனில் சொன்னாள். வியாபாரி, ஓணத்துக்கும் அவளே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் சந்தையில் அந்த மனுஷன் இப்போது என்ன சொல்லித் திரிகிறார்? “திருநெல்வேலி மிஷின்ல கொடுத்தோம், ஒரே நாள்ல சரியாயிட்டு.” மிஷினாம்! மிஷினுக்கு இடுப்பு உண்டா? அது ஒரு இடத்தைக் காட்டியது, சரி. ஷாஃப்டைத்தான் கழற்றணும் என்று அதற்கு வழி காட்டியது யார்?

கோயிலில் ஒரு டியூப் லைட் கொடுத்தவன்கூட உபயம் என்று பேர் எழுதிக்கொள்கிறான். மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வண்டியின் பின்கதவில், ஊர் படிக்கிற அளவு எழுத்தில், “அதிர்வு, அதிர்வு நீக்கம் இரண்டும் அப்பா உபயம்” என்று எழுத வேண்டும். கெடுத்த பங்கை நான் ஒளிக்கவில்லை, சரிசெய்த பங்கை எவனும் ஒளிக்கக் கூடாது. சிவப்புப் பெயிண்ட் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.