ஒன்பது நாள் கையெழுத்து

கணவர் இறந்து ஐந்து மாதமாகியிருந்தது. ஒரு பின்னேரம் நெஞ்சு நோவுது என்று கதிரையில் இருந்தார். பிறகு எழும்பவில்லை. அதற்குப் பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "கல்லு மாதிரி இருக்கிறாள்" என்று படலையடியில் நின்று கதைத்தார்கள். எனக்குக் கேட்டது. சரியாகத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டிலேயே கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கணவரின் தங்கை, என் மச்சாள், என்னைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மன்னார்த் தீவில் எங்கள் கரைப் பெண்கள் நடத்தும் சங்கம் அது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓடையோரம், சேற்றில் வேர்விடும் கண்டல் மரக் கன்று நட்டுப் பராமரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூழ் காய்ச்சி விற்பார்கள். கூழுக்குக் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்பதில் வலு பிடிவாதம். ஒடியல் மா எங்கள் பனங்கிழங்கில், முருங்கையிலை எங்கள் வேலியில், நண்டும் இறாலும் அந்த ஓடையில்.

நண்டும் இறாலும் கொண்டுவந்து தருபவள் எங்கள் பின்வளவில் குடியிருந்த பெண். இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, கணவன் விட்டுப் போனபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு திரும்பி வந்தவள். நாங்கள் 'ஓம்' என்கிற இடத்தில் அவள் 'ஆமாக்கா' என்பாள். நாங்கள் பகிடி பண்ணுவோம், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவளிடம் வலையும் இல்லை, வள்ளமும் இல்லை. நீர் வற்றும் நேரம் பார்த்து முழங்கால் சேற்றில் இறங்கிக் கையால் துழாவிப் பிடிப்பாள். மூன்று பேரின் சோறு அந்த ஓடையில்தான் கிடந்தது.

மீன் பிடிக்க யாரும் இறங்காமல் அந்த ஓடையை மூன்று மாதம் மூடிவைப்பது என்று சங்கம் முடிவெடுத்தது. புதுக் கன்றுகள் வேர் பிடிக்க வேண்டும், மீன்குஞ்சுகள் பெருக வேண்டும். அவளிடம் கையெழுத்து வாங்கும் வேலை, பக்கத்து வீடு என்பதால் என் தலையில் விழுந்தது.

"மூணு மாசம் நாங்க என்னக்கா சாப்பிடுறது?" என்று கேட்டாள்.

"மூண்டு மாசம் பொறும் பிள்ளை. பிறகு அள்ள அள்ள வரும்."

கூட்டத்தில் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். நம்பியும் சொல்லவில்லை, நம்பாமலும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓடையில் கால் வைக்கமாட்டேன் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள். அடுத்த நாளே கருவாட்டு வாடியில் மீன் வெட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

கன்றுகளுக்கு வேலி வேண்டும். எங்கள் ஊர்க் கழுதைகள் எதையும் விட்டுவைக்காது. கம்பி வாங்க வழியில்லை, ஆனால் கரையில் வலைக்கா பஞ்சம்? வீட்டுக்கொரு பழைய வலை கொண்டுவந்தார்கள். நான் கணவரின் வலையைக் கொண்டுபோனேன். அது பழசல்ல. சுவரில் தொங்கும் அதைப் பார்த்துக்கொண்டு படுக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

"அடிக்கயித்தில ஈயம் கிடக்கு மச்சாள். வெட்டிப்போட்டுக் கட்டுங்கோ" என்றாள் மச்சாள்.

ஓம் என்றேன். வெட்டவில்லை. கத்தி எடுக்கத் திரும்ப வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது.

வலையின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் நீர் ஏறி இறங்கும்போது மீன் அடியால் போய்வரும். வலை சரிந்துவிட்டதா என்று தினமும் காலையில் ஒருவர் போய்ப் பார்த்து, சங்கக் கொட்டிலில் தொங்கும் கொப்பியில் 'பார்த்தேன், எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அந்த மாதம் என் முறை.

முதல் கிழமை ஏழு நாளும் போனேன். பிறகு போகவில்லை. காரணம் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கொட்டில் வீட்டுக்குப் பக்கம், ஓடை தூரம். கொட்டிலுக்குப் போய் எழுதிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

போகாமல் விட்டுப் பத்தாம் நாள், ஓடைப் பக்கம் கொக்குகள் கூட்டமாக இறங்குகின்றன என்று மச்சாள் சொன்னாள். போனேன். ஈயம் வலையைச் சேறுவரைக்கும் இழுத்துப் பிடித்திருந்தது. நீரோடு உள்ளே வந்த குஞ்சுகள் திரும்பப் போக முடியாமல் கண்ணிகளில் கழுத்து மாட்டிச் செத்துக் கிடந்தன. விரல் நீள ஓரா, மணலை, கால் இழந்த நண்டுகள். சில காய்ந்து கருவாடாகியிருந்தன. எந்தக் குஞ்சு பெருக வேண்டும் என்று ஓடையை மூடினோமோ, அதையே வலை போட்டுப் பிடித்திருந்தோம். ஐயோ என்று கத்த வேண்டும் என்று தெரிந்தது. சத்தம் வரவில்லை.

பொழுதுபடப் பின்வளவுப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாடியால் வந்து, கையில் மீன் வாடை போகத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

வாடிக்குப் போகும் வழி ஓடைக்கரையால்தான். முதல் நாள் நாலைந்து மாட்டியிருந்ததாம். பிறகு நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனதாம்.

"ஏன் பிள்ளை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"கொட்டில் கூட்ட வர்றப்ப அந்த நோட்டைப் பார்த்தேன்க்கா. ஒவ்வொரு நாளும் எல்லாம் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தீங்க. சங்கத்துக்குத் தெரிஞ்சு ஏதோ செய்யுறாங்கன்னு நினைச்சேன்." கையைத் தேய்த்தபடியே, "முகாம்ல அப்படித்தாங்க்கா. புத்தகத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான் நடந்தது. கையெழுத்து இல்லைன்னா நாம அங்க நின்னாலும் இல்லாத ஆளுதான்" என்றாள்.

தேசிக்காய்த் தோலைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இறங்கி ஒரு கயித்தையாவது அவுத்து விட்டிருக்கலாம். கால் வைக்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்திட்டேனேன்னு நின்னுட்டேன். எம்மேலயும் தப்பிருக்குக்கா."

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழும்பிக் கொட்டிலுக்குப் போய்க் கொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, ஒன்பது நாளுக்கும் உரிய வரிகளை ஒவ்வொன்றாக வெட்டிப் பக்கத்தில் 'போகவில்லை' என்று எழுதத் தொடங்கினேன். ஆறாவது வரியை முடித்தேன். அவர் போனதிலிருந்து வராத கண்ணீர் கொப்பியில் விழுந்து மை கரைந்தது. பேனையைக் கீழே வைத்தேன்.

அவள் என்னைத் தேற்றவில்லை. பேனையை எடுத்து என் கையில் திரும்பத் தந்தாள்.

"எழுதுங்கக்கா" என்றாள். "இன்னும் மூணு நாள் இருக்கு."