அண்ணனுக்கு வைத்த பாட்டில்

என் அண்ணன் குடித்தே செத்தான். நான் இதை இப்படித்தான் சொல்வேன். சொந்தக்காரர்கள் மஞ்சள் காமாலை என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள், யாரோ வைத்த கண் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கெலுகோரில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே பழம் விற்கிற சீனத்து அக்காவுக்குக்கூட உண்மை தெரியும். லாரி ஓட்டியவன், கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாமல் கிடந்தான். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மாவைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டான். எங்கள் அப்பாவும் ஏறக்குறைய இப்படித்தான் போனார்.

அண்ணனின் முதல் வருடத் திதி நெருங்கியபோது என் கவலையெல்லாம் தம்பியைப் பற்றித்தான். தம்பி புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். அவனும் குடித்தவன்தான். அண்ணனின் காரியம் முடிந்த கையோடு, யாரும் சொல்லாமலே குடியை விட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தான். கை நடுக்கம், வாந்தி, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து அலறியது எல்லாவற்றையும் பட்டுத்தான் வெளியே வந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னையும் உட்கார வைத்துப் பேசினார். "ஒரு வாய் போனாலும் பழைய இடத்துக்கே போயிடுவாரு. அடுத்த தடவ இவரு லிவர் தாங்காது. வீட்ல கவனமா இருங்க" என்றார்.

நான் கவனமாக இருந்தேன். இருமல் மருந்து, கேக்குக்கு ஊற்றுகிற எசன்ஸ், சென்ட் பாட்டில் என்று ஆல்கஹால் கலந்த எல்லாம் குப்பைக்குப் போயின. பழைய கூட்டாளிகள் கீழே வந்து ஹாரன் அடித்தால், நானே லிஃப்டில் இறங்கிப் போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டு அனுப்பினேன். பிளாட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். சம்பள நாளில் அவன் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது. பைக் சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும்.

திதிக்கு என்னென்ன வேண்டும் என்று அம்மா ஒருநாள் அடுப்படியில் நின்று சொல்ல ஆரம்பித்தார். ஆட்டுக்கறி, நண்டுப் பிரட்டல், கீழே முஸ்லிம் நானா ஒருவர் வைத்திருக்கிற கடையில் பிரட்டுகிற மீ கோரெங் நூடுல்ஸ், ஒரு பெட்டி சிகரெட். அப்புறம், உப்பு வாங்கி வா என்று சொல்கிற அதே குரலில், "அவன் குடிக்கிறது ஒரு பாட்டில்" என்றார்.

எங்கள் வீட்டுப் படையல் அப்படி. போனவருக்கு எது பிடிக்குமோ அது இலையில் இருந்தாக வேண்டும். எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, எல்லோரும் வெளியே நிற்போம். போனவர் வந்து நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகத்தான் அந்த நேரம். பிறகு கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், படைத்தவர் முதல் வாய் எடுக்க வேண்டும். அதன்பின் மற்றவர்கள். இலையில் வைத்த எதையும் கொட்டக் கூடாது. அண்ணன் போன பிறகு படைக்க வேண்டியவன் தம்பிதான்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ம்மா, அவன கொன்னதே அதான். அதையே எலையில வைப்பியா?" என்று கத்தினேன்.

அம்மா கத்தவில்லை. "உசுரோட இருந்தப்ப அவன் கையிலேர்ந்து புடுங்கிப் புடுங்கி ஒடச்சேன்டி. கெஞ்சுவான். ஒரு நாளாச்சும் எம்புள்ள கேட்டத நான் குடுத்தேனா? இப்பவாச்சும் குடுக்கிறேனே" என்றார்.

அம்மா பாட்டில்களை உடைத்தது நிஜம். கண்ணாடி குத்திய தழும்பு இன்னும் அவர் உள்ளங்கையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சமூக மண்டபத்தில் இளைஞர்களுக்குப் போதை ஒழிப்புப் பேச்சு நடக்கும். திரையில் இருட்டுச் சந்து ஒன்றைக் காட்டுவார்கள். தொப்பி போட்ட ஓர் அந்நியன் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் எதையோ நீட்டுவான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டில் எந்த அந்நியனும் எதையும் நீட்டவில்லை. அப்பாவின் படையலில்தான், அரும்பு மீசைகூட வராத அண்ணனிடம், அம்மாவின் தம்பியான எங்கள் மாமா கிளாஸை நீட்டினார். "இனிமே நீதான்லா வீட்டுக்கு ஆம்பள" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் படையலில் தம்பியின் முறை வந்தது. ஊதுவத்தி மணக்க, சாமி படத்துக்கு முன்னால், பெரியவர்கள் ஆசீர்வாதத்தோடுதான் இருவரும் குடிக்கத் தொடங்கினார்கள். நான் பெண் என்பதால் அந்தக் கிளாஸ் என்னிடம் வரவில்லை. அந்த நேரத்தில் நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"திதி அன்னிக்கு நீ ஷிஃப்ட் இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடு" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. "அண்ணனுக்கு நான் படைக்காம வேற யாரு படைப்பாக்கா? நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் குரலில் இருந்த உறுதியை நான் நம்பவில்லை. அவனும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

திதியன்று மத்தியானம் மாமா சிம்பாங் அம்பாட்டிலிருந்து தன் கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். நாங்கள் வாங்காமல் இருந்துவிடுவோமோ என்று, அண்ணன் குடிக்கிற அதே பிராந்தியை அவரே வாங்கி வந்திருந்தார். தம்பி வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன் படத்துக்கு மாலை போட்டான். கறி வைத்தான், நண்டு வைத்தான், சிகரெட்டைப் பற்ற வைத்து இலை ஓரத்தில் வைத்தான். பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றபோது, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற கார்களையே பார்த்தான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

உள்ளே போனதும் மாமா கிளாஸை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார்.

"வேணாம் மாமா. நான் விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும்ல."

"குடிக்கவா சொல்றேன்? பிரசாதம்லா. படைச்சவன் ஒரு வாய் எடுக்கணும். நீ எடுக்கலன்னா உங்கண்ணன் ஏங்கிட்டுப் போவான்."

தம்பி தலையை ஆட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போது அம்மா அவன் முதுகில் கை வைத்தார். அழுதுகொண்டே, "ஒரு சொட்டு நாக்குல வச்சுக்கய்யா. எனக்காக" என்றார்.

தம்பி கிளாஸைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். கூட்டாளிகளிடம் முடியாது என்று சொல்லத் தெரிந்தவன், கடைப் பக்கமே போகாமல் சுற்றி வீட்டுக்கு வரத் தெரிந்தவன், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றான். அவன் கை மெதுவாக மேலே போனது.

நான் பாய்ந்து அந்தக் கிளாஸைப் பிடுங்கினேன். "கூடப் பொறந்தவங்க குடிக்கணும், அவ்ளோதான? நானும் கூடப் பொறந்தவதான்" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை.

தொண்டை எரிந்தது. இருமினேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பொம்பளப் புள்ளையாடி நீ!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மாமா என்னென்னவோ கத்தினார். பிறகு வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சு, கழுத்து, காது என்று ஏறியது. ஒரு வருடமாகப் பிடரியில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனது. மாமாவின் சத்தம் பக்கத்து வீட்டு டிவி மாதிரி தூரத்தில் கேட்டது. எனக்கு நன்றாக இருந்தது. இதில் பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. அண்ணன் படத்தைப் பார்த்தேன். பாவி, இதற்காகத்தானா என்று முதல்முறையாக எனக்குப் புரிந்தது. அவன்மேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்தில் இல்லை.

என் கண் பாட்டில் பக்கம் போனதைத் தம்பி பார்த்துவிட்டான்.

கிட்டே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நல்லா இருக்குல்லக்கா?" என்று கேட்டான்.

நான் மறுபடியும் பாட்டிலைத்தான் பார்த்தேன். அவன் முகம் வெளுத்துப்போனது. ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்க்கப் போனபோதுகூட அவன் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. விறுவிறுவென்று போய் இலையிலிருந்த பாட்டிலை எடுத்தான். மாமா கையைப் பிடித்தார். உதறிவிட்டு அடுப்படிக்குப் போனான். கழுவுதொட்டியில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, வாடை முகத்தில் அடிக்காமல் இருக்க முகத்தைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை ஊற்றினான். "படைச்சதக் கொட்டுறியேடா, பாவி! அவன் வயிறெரிஞ்சு போவானேடா!" என்று அம்மா தரையில் உட்கார்ந்து ஓலமிட்டார்.

திரும்பி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து கிளாஸை எடுத்தான். அதை நான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "அப்பா, அண்ணன், நான். போதும்கா" என்றான்.

மாமா சாப்பிடாமல் போய்விட்டார். இன்றுவரை எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அம்மா எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆனது. தம்பி இன்னும் குடிக்காமல் இருக்கிறான், இன்றைக்கு வரைக்கும். நாளைக்கு என்ன என்று எங்களில் யாரும் பேசுவதில்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழியில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. அதில் அந்தப் பிராந்திப் பாட்டில்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று இப்போது எனக்குத் தெரியும். நான் பை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தம்பியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வருகிறான்.