வளைவில் அறுந்துபோன வாக்கியம்

இன்று மதியம் அருவங்காட்டில் நானும் அம்மாவும் ஊட்டி பஸ் ஏறி உட்கார்ந்ததும் அண்ணனின் வீடியோ கால். ஜெர்மனியில் இருப்பவன், குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறான்.

அம்மா போனில் அவன் காட்டிய பனிமலையைப் பார்த்து, "நம்ம அவலாஞ்சியாட்டவே இருக்குதுடா" என்றார். எந்த நாட்டு மலையைக் காட்டினாலும் அம்மாவுக்கு அது ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் அவலாஞ்சிதான்.

"அம்மா, டிசம்பருக்கு நாங்க ஊருக்கு..." என்று அண்ணன் ஆரம்பித்தான். பஸ் வளைவில் திரும்பியது. சிக்னல் போய்விட்டது.

ஸ்பீக்கரில் பேசியதால் பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா பின்சீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"ஏனுங்க, என்ற பையன் வர்றேன்னானுங்களா, வரலைன்னானுங்களா?"

"வர்றேன்னுதானுங்க சொன்னாரு."

கண்டக்டரும் ஆமாம் என்றார். கேரட் மூட்டையோடு வந்த அக்கா, "பேரப்புள்ளைகளுக்கு இப்பவே ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சிருங்க" என்றார்.

ஊட்டியில் இறங்கியதும் அம்மா நேராகக் கம்பளி நூல் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

அண்ணன் என்னிடம் நேற்றே சொல்லிவிட்டான். இருந்த லீவெல்லாம் அந்த மலைக்கே தீர்ந்துவிட்டதாம்.

"நீலமா, பச்சையா?" என்று அம்மா கேட்கிறார். நீலம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

உங்களில் யாருக்காவது தைரியம் இருந்தால் சொல்லுங்கள், அம்மாவின் நம்பரைத் தருகிறேன்.